குறிப்பு நிரல்

மாசியில் வெட்டிய கறண்டு.
அருந்தவராணி வீட்டு விறாந்தைச் சுவரில்
மீற்றர் 04713இல் நின்றுபோனது.
ஆனாலும் பெட்டி இரைகிறது.

பெரியகல்லாற்றில் இன்றைக்கு இது
என் நூற்றுப் பன்னிரண்டாவது படலை.
சைக்கிளைப் பூவரசில் சாய்த்துவிட்டு
கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிகிறேன்.
இலக்கங்களுக்கு முன்னால் ஒரு வதை தொங்குகிறது,
கரைக்குக் கரை தேனீ.

காலை எட்டு மணி.
ஒருத்தி வந்து இறங்குகிறாள்.
நேரே கீழ்நோக்கி
வயிற்றை உதறி உதறி ஓடுகிறாள்.
இடப்பக்கம் கிறுகி ஏறி வந்து
மறுகா அதே கோடு.
வலப்பக்கம் கிறுகி வந்து
மறுகாலும் அதே கோடு.
பின்னால் ஐந்தாறு பேர்
உணர்கொம்பால் அவள் விலாவைத் தொட்டுத் தொட்டு,
திருவிழாச் சனத்துக்குள்
தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற
பிள்ளைகள் மாதிரி.

எண்ணுவது என் தொழில்.
எண்ணினேன். ஒவ்வொரு ஓட்டமும் ஒன்றேகால் விநாடி.
களுவாஞ்சிகுடி விவசாயக் கந்தோருக்கு
பில் கொடுக்கப் போன இடத்தில் கேட்டேன்.
இந்தச் சாதிக்கு அது அரைக் கட்டை வரும் என்றார் ஒருவர்.
வதையில் மேலே என்றால் சூரியனைப் பார்த்துப் போ,
கீழே என்றால் சூரியனுக்கு முதுகு காட்டிப் போ.
காலையில் சூரியன் கடலுக்கு மேல்.
முதுகு காட்டினால் வாவி.
கரையில் கண்டல் பூத்திருக்கும்.

வைகாசியில் பிந்திவிட்டேன்.
நாலரை மணி. கச்சான் அடித்து முகமெல்லாம் மண்.
அதே வதை, அதே உதறல், அதே ஒன்றேகால்,
இப்போது நேரே மேல்நோக்கி!
பூ அங்கேயேதான் இருக்கிறது.
சூரியன்தான் வாவிப் பக்கம் வந்துவிட்டது.

ஆட்டம் நடுவில் நிற்கிறது.
பின்னால் வந்தவள் நாக்கை நீட்டி
ஆடியவள் வாய்க்குள் வைக்கிறாள்.
ஒரு சொட்டு.
விலாசத்தோடு விலாசத்தின் ருசியும்.
வாங்கியவள் அடுத்தவளுக்கு,
அடுத்தவள் உள்ளே நிற்கிறவளுக்கு,
இன்னும் வெளிவாசலே காணாதவளுக்கு.
பொழுது படுவதற்குள்
எல்லா வயிற்றிலும் ஏறக்குறைய ஒரே மட்டம்.
பசி வந்தாலும் அப்படித்தானாம்,
ஒருத்தியிடம் மட்டும் தங்காதாம்.
வாங்க ஆளில்லாமல் காத்து நின்றால்
கொண்டுவந்தவள் உடம்பு நடுங்கி நடுங்கி
வதை முழுக்கத் திரிவாளாம்,
ஆள் வாங்க, ஆள் வாங்க என்று.

யார் எத்தனை யூனிற் எடுத்தாள் என்று எழுத
அங்கே ஒருவன் இல்லை.
எனக்கு வேலை கிடைக்காத ஊர்.

நிமிர்ந்தபோதுதான் அந்த வயர்.
செபமலர் வீட்டுக் குசினி யன்னலால் வெளிப்பட்டு
கிடுகு வேலிக்கு மேலால் வந்து
முருங்கைக் கவரில் ஒரு சுற்றுச் சுற்றி
இந்த வீட்டு அறைக்குள் போகிறது.
மஞ்சள் வயர். இரண்டு இடத்தில் சிவப்பு டேப்.
உள்ளே ஒரு பிள்ளை
வட்டத்தின் பரப்பளவை உரத்துப் பாடமாக்குகிறாள்.
செபமலரின் மீற்றர் இந்த மாதம் பதினொரு யூனிற் கூட.

"அது தம்பி... கோழிக்கூட்டுக்கு,"
என்று தொடங்கினாள் அருந்தவராணி.
அந்த வளவில் கோழி இல்லை.
வேலிக்கு அங்கால் செபமலர்
மூடிய சட்டியொன்றைப் பிடித்தபடி நின்றாள்.
கொடுக்க வந்தாளா, இப்போதுதான் வாங்கினாளா,
தெரியவில்லை.
இறால் சொதி மணந்தது.

குறிப்பு நிரலில் எழுதினேன்:
பெட்டியில் தேனீ. கிட்டப் போக முடியாது.
வாசிப்பு 04713, முன்பு போல.

முதல் வசனம் உண்மை.
இலக்கமும் உண்மை.

கந்தோர் வடக்கே.
கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு
நான் வெயிலுக்கு நேரே மிதித்தேன்,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
ஒன்றேகால் விநாடி தூரம்.